அடியை எண்ணினால் போதுமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் புதிய போர்வீரன் பிரிவுகளை எப்படி எடைபோடுவது? ஒரகடத்துக்குப் பக்கத்தில் உள்ள மணிமங்கலம் கோயில் கல்வெட்டு ஒரு வழி சொல்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்குப் புதிய விதிநூல் ஒன்று வந்துவிட்டால், போர்வீரன் பக்கம் சாய்வு உள்ளவர்கள் முதலில் தேடுவது ஃபைட்டர் என்னும் போர்வீரன் வகைக்கு என்ன புது சப்கிளாஸ், அதாவது உட்பிரிவு, வந்திருக்கிறது என்பதைத்தான். தேடி எடுத்ததும் கணக்குத் தொடங்கிவிடும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு டேமேஜ்? பழையதைவிடக் கூடுதலா, குறைச்சலா? கூடுதல் என்றால் நல்ல சப்கிளாஸ், குறைச்சல் என்றால் தள்ளிவிடலாம். இந்தக் கணக்கு தேவையானதுதான். ஆனால் முதலில் போட வேண்டிய கணக்கு இது இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஒரு வீரனின் மதிப்பு அவன் எவ்வளவு பலமாக அடிக்கிறான் என்பதைவிட, எந்தக் களத்தில் அவன் இல்லாமல் முடியாது, அங்கே அவன் என்ன முடிவெடுக்கிறான் என்பதில் இருக்கிறது. தமிழ்ப் போர் மரபுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த மரபின் கண்ணோடு பார்த்தால் புதிய சப்கிளாஸ்களில் எது தேறும், எது தேறாது என்று தெளிவாகச் சொல்லிவிட முடியும்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துபவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். யார் என்ன செய்கிறார்கள் என்று வாயால் சொல்கிறார்கள்; அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் இதை வெளியிட்டபோது பாத்திர வகைகள் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, சமயப் பணியாளர். பிறகு வகைகள் பெருகின. வகைகளுக்குள் பிரிவுகளும் வந்தன. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும், 2024-இல் அது திருத்தி வெளியிடப்பட்டபோதும் ஃபைட்டர் தன் சப்கிளாஸைத் தேர்ந்தெடுப்பது மூன்றாம் லெவலில். அதுவரை எல்லா ஃபைட்டரும் ஏறக்குறைய ஒரே ஆள். அதன்பின் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி. அந்த வழிகள் உண்மையிலேயே வேறு வேறாக இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்கு, அதன் எல்லை

2014 விதிநூலின் இரண்டு சப்கிளாஸ்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று சாம்பியன். இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் மற்றவர்களுக்கு கிரிட்டிக்கல் அடி. சாம்பியனுக்கு 19 விழுந்தாலும் கிரிட்டிக்கல். கிரிட்டிக்கல் என்றால் ஆயுதத்தின் பகடைகளை இரட்டிப்பாக உருட்டலாம். இரு கை வாளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. ஆக, இருபதில் ஒரு முறை 7 கூடுதலாகக் கிடைக்கிறது. ஓர் அடிக்கு 0.35. இன்னொன்று பேட்டில் மாஸ்டர். அவனிடம் நான்கு எட்டுமுகப் பகடைகள் இருக்கின்றன. ஒரு சிறு ஓய்வு எடுத்தால் செலவான பகடைகள் திரும்ப வந்துவிடும். அடி பட்ட பிறகு வேண்டுமானால் ஒன்றை எடுத்து டேமேஜோடு சேர்க்கலாம். நான்கின் சராசரிக் கூட்டு 18. சாம்பியன் அந்த 18-ஐப் பிடிக்க வேண்டுமென்றால் ஐம்பது அடிக்கு மேல் வீச வேண்டும். மூன்றாம் லெவலில் ஒரு முறைக்கு ஒரு அடிதான். இரண்டு ஓய்வுகளுக்கு நடுவே இரண்டு சண்டை, ஒவ்வொன்றும் ஐந்து சுற்று என்று வைத்தாலும் பத்துப் பதினோரு அடியோடு முடிந்துவிடும். மூன்றரை எங்கே, பதினெட்டு எங்கே!

இந்தக் கணக்கைப் பார்த்ததும், சாம்பியனின் எண்ணை ஏற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஏற்றித்தான் பாருங்கள். 19-க்குப் பதில் 15 முதலே கிரிட்டிக்கல் என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஆட்டக்காரர் தன் முறையில் செய்வது மாறாது: பகடையை உருட்டுவார், எண்ணைப் பார்ப்பார், அடுத்தவர் முறைக்குக் காத்திருப்பார். பேட்டில் மாஸ்டர் ஆடுபவரின் நிலை வேறு. பகடையைச் செலவழித்து எதிரியைத் தடுக்கி வீழ்த்தலாம், பக்கத்தில் நிற்கும் தோழனுக்குத் தன் அடியை விட்டுக்கொடுக்கலாம், தளர்ந்தவனைத் தேற்றலாம், எதிரி அடி தவறினால் திருப்பி அடிக்கலாம். இருப்பதோ நான்கு பகடை. இப்போது செலவழித்தால் அடுத்த அறையில் கை காலி. டேமேஜ் கணக்கு 3.5-க்கும் 18-க்கும் உள்ள தூரத்தைக் காட்டியது. ஆனால் ஒருவர் வேடிக்கை பார்க்கிறார், மற்றவர் ஆடுகிறார் என்பதை அது காட்டவில்லை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் கார், லாரி ஆலைகளில் வேலை பார்க்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஷிப்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணிக்கை எல்லா லைனிலும் உண்டு. ஆனால் லைன் நின்றுபோன நேரத்தில் கோளாறு எந்த ஸ்டேஷனில் என்று கண்டு, யாரை எங்கே மாற்றி நிறுத்துவது என்று சொல்கிறவரின் மதிப்பு அந்த எண்ணிக்கைக்குள் அடங்காது. ஆலைக்கு அவர் தேவைப்படுவதே எண்ணிக்கை நின்றுபோகும் அந்த நேரத்தில்தான்.

மணிமங்கலத்தின் சாட்சி

இதே தொழில் தடத்தில், படப்பைக்கு அருகே இருக்கிறது மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனும் சாளுக்கிய இரண்டாம் புலிகேசியும் மோதிய களம் அது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய போர்களில் புலிகேசி புறமுதுகிட்டதை, காஞ்சிபுரத்துக்கு அருகே கிடைத்த கூரம் செப்பேடு சொல்கிறது. அதன் தொடர்ச்சியாகத்தான் 642-இல் வாதாபி வீழ்ந்தது. காஞ்சியின் வாசலில் வந்து நின்ற பகையைத் தடுத்த வேலை மணிமங்கலத்தில். பகைவன் தலைநகர் வரை துரத்திச் சென்ற வேலை வாதாபியில். ஒரே படை, ஒரே மன்னன். ஆனால் இரண்டும் வேறு வேறு போர்கள். முதலாவதற்குத் தாங்கி நிற்கத் தெரிய வேண்டும், இரண்டாவதற்கு நெடுந்தூரம் சென்று கோட்டையை உடைக்கத் தெரிய வேண்டும்.

அதே ஊரின் இராஜகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் இரண்டாம் இராஜேந்திரன் கல்வெட்டு கொப்பத்துப் போரை விவரிக்கும் விதம், சப்கிளாஸ் எழுதுகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. 1054 வாக்கில் மேலைச் சாளுக்கியன் ஆகவமல்லனோடு நடந்த போர் அது. இராஜேந்திரனின் அண்ணன் இராஜாதிராஜன் யானை மேலேயே உயிர் துறந்தான். பிற்காலக் கல்வெட்டுகள் அவனை யானைமேல் துஞ்சிய தேவர் என்று குறிக்கின்றன. களம் கைவிட்டுப் போகும் நேரம். தம்பியின் யானை நெற்றியில் அம்பு தைக்கிறது. அவன் தொடையிலும் தோளிலும் தைக்கிறது. அவனோடு யானை மேல் இருந்த வீரர்கள் விழுகிறார்கள். அந்த நிலையில் அவன் செய்ததாகக் கல்வெட்டு சொல்வது என்ன? அதுவரை பிரித்து அனுப்பாமல் வைத்திருந்த படைகளைக் களத்தில் இறக்கினான். போர் திரும்பியது. களத்திலேயே முடிசூட்டிக்கொண்டான்.

கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மெய்க்கீர்த்தி தன் தலைவனைப் புகழவே எழுதப்படுகிறது. அதில் மிகை இருக்கும். இருந்தாலும் எதைப் புகழ்ச்சிக்குரியதாக அது தேர்ந்தெடுக்கிறது என்பது முக்கியம். எதிரிகளைக் கொன்ற வீரத்தை அது பாடாமல் இல்லை. ஆனால் போரின் திருப்பம் நிகழும் இடத்தில், அடிபட்ட ஒருவன், மிச்சம் இருப்பதை எப்போது செலவழிப்பது என்று எடுத்த முடிவு நிற்கிறது. சேர்த்து வைத்த பகடையை எந்த நொடியில் எடுப்பது என்று பேட்டில் மாஸ்டர் ஆடுபவர் தவிக்கும் தவிப்பின் அதே வடிவம்தான் இது.

திணை கற்றுத்தரும் பகுப்பு

வீரர்களை எப்படி வகைப்படுத்துவது என்ற கேள்வியைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கையில் எடுத்துக்கொண்டது. தொல்காப்பியப் புறத்திணையியல் ஏழு திணை சொல்கிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அதைப் பன்னிரண்டாக விரிக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை, மாற்றான் நாட்டின் மேல் செல்வது வஞ்சி, வந்தவனை எதிர்ப்பது காஞ்சி, மதிலை வளைப்பது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி, நேருக்கு நேர் பொருவது தும்பை, வெல்வது வாகை. இந்தப் பகுப்பில் வாள்வீரன், வில்வீரன் என்ற பேச்சே இல்லை. யார் அதிகம் கொல்வான் என்ற தரவரிசையும் இல்லை. எந்தக் களம், அங்கே என்ன வேலை என்பதே பிரிவின் அடிப்படை. திணைக்குள் வரும் துறைகளோ அந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் தனியே எடுத்துப் பேசுகின்றன: புறப்படும் முன் நிமித்தம் பார்ப்பது, ஒற்றறிவது, கவர்ந்ததைப் பங்கிடுவது வரை.

இதிலிருந்து சப்கிளாஸுக்கு ஓர் அளவுகோலை எடுக்கலாம். முதலில், இந்த வீரனை எந்தக் களத்துக்கு அழைப்போம்? அடுத்து, அங்கே அவனுக்கு முன் இரண்டு வழி இருந்து, ஒன்றை எடுத்தால் மற்றது கைவிட்டுப் போகிறதா? கடைசியாக, அவன் எடுத்த முடிவு மேசையில் உள்ள மற்றவர்களின் அடுத்த முறையை மாற்றுகிறதா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது தனிப் பிரிவு. இல்லையென்றால் பழைய வீரனுக்கே புதுப் பெயர்.

புதியவர்கள் தேறுகிறார்களா?

2017-இல் வந்த ஸனாதர்ஸ் கைட் நூலின் கேவலியர் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறுகிறான். அவன் அடித்த எதிரி, பக்கத்திலேயே நின்றுகொண்டு வேறொருவரைத் தாக்கப் போனால் தடுமாறுகிறான்; மீறித் தாக்கினால் திருப்பி அடி வாங்குகிறான். இது தெளிவான நொச்சி வேலை. எதிரியும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, தோழர்களும் யார் பின்னால் நிற்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதே நூலின் ஆர்க்கேன் ஆர்ச்சர் பார்வைக்கு அழகு. மந்திர அம்புகளில் வகைகளும் உண்டு. ஆனால் ஓர் ஓய்வுக்கு இரண்டே அம்பு. இரண்டும் போனபின் மிச்ச நேரம் முழுக்க அவன் சாதாரண வில்லாளி. முடிவெடுக்க வாய்ப்பு இருந்தும் அது அரிதாக வருவதால் இந்தப் பிரிவு பாதியில் நின்றுவிடுகிறது.

2020-இல் டாஷாஸ் கால்ட்ரன் நூலில் அறிமுகமாகி 2024 விதிநூலிலும் இடம்பிடித்த சை வாரியர், மனவலிமையையே ஆயுதமாகக் கொண்டவன். அவனிடம் உள்ள ஒரே பகடைக் கையிருப்பை, அடியைக் கூட்டவும் செலவழிக்கலாம், முப்பது அடி தூரத்துக்குள் அடிபடும் தோழனின் காயத்தைக் குறைக்கவும் செலவழிக்கலாம். தாக்குவதா, காப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு சுற்றிலும் வருகிறது. அந்தக் கையிருப்பு ஒன்றாகவே இருப்பதுதான் இதன் சிறப்பு. தாக்குதலுக்கு ஒரு பை, காப்புக்கு ஒரு பை என்று தனித்தனியாகக் கொடுத்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

மிக முக்கியமான சோதனை பேனரெட். கொடி ஏந்தித் தோழர்களை ஒருங்கிணைக்கும் வீரன். 2015-இல் ஸ்வார்டு கோஸ்ட் நூலில் பர்ப்பிள் டிராகன் நைட் என்ற பெயரில் இவன் வந்தபோது கருத்து நன்றாக இருந்தது: தான் மூச்சு வாங்கித் தேறும்போது அருகில் உள்ள மூன்று தோழர்களையும் தேற்றுவான். ஆனால் அந்த மூச்சு ஓர் ஓய்வுக்கு ஒரு முறைதான். தோழனை உடனே அடிக்கச் சொல்லும் திறனோ பத்தாம் லெவலில்தான் வந்தது. கொப்பத்து இராஜேந்திரனை எழுதப் போய், அவன் கையில் ஒரே ஒரு படையைக் கொடுத்த கதை. 2025 தொடக்கத்தில் வெளியான சோதனை வடிவத்தில் தலைமைக் குணம் பின்னுக்குப் போய், வீரனுக்குத் துணையாக ஒரு டிராகன் குட்டி முன்னுக்கு வந்தது. ஆட்டக்காரர்களிடம் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த ஹீரோஸ் ஆஃப் ஃபேரூன் நூலில் டிராகன் போய், பேனரெட் என்ற பெயரில் தோழர்களைத் தேற்றும் வீரன் திரும்பினான். 2024 விதிகளில் அந்த மூச்சு தொடக்கத்திலேயே இரண்டு முறை, லெவல் ஏற ஏற இன்னும் கூடுதல். அதனால் பழைய கருத்துக்கு இப்போதுதான் கைநிறையச் சரக்குக் கிடைத்திருக்கிறது. டேமேஜ் பட்டியலில் இவன் மேலே வரமாட்டான். என் கணிப்பில் அண்மைய ஃபைட்டர் பிரிவுகளில் சரியான திசையில் போவது இவன்தான்.

துணை விலங்கே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லில், தொறுப் பூசலில், அதாவது ஆநிரைச் சண்டையில், வீழ்ந்த வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாய் கோவிவனும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல் சொல்கிறது. அங்கே நாய்க்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலை கரந்தைக்கு உரியது. டிராகன் குட்டி ஆட்டத்தின் கவனத்தைத் தலைமையிலிருந்து திருப்பி, கூடுதல் அடிக்கு வழி செய்ததே குறை.

மறுப்புகளும் பதிலும்

முதல் மறுப்பு புதியவர்கள் சார்பாக வரும். எல்லாரும் தந்திரம் யோசிக்க வரவில்லை. முதல் முறை உட்காருபவருக்குச் சாம்பியன் போல எளிய பிரிவு வேண்டும். நியாயமான வாதம். ஆனால் விதி எளிமையாக இருப்பது வேறு, முடிவே இல்லாமல் இருப்பது வேறு. 2024 சாம்பியனே இதற்குச் சான்று. கிரிட்டிக்கல் விழுந்தால் அவன் தன் வேகத்தில் பாதி தூரம், விலகும்போது எதிரி அடிக்க இடம் கொடுக்காமல், உடனே நகரலாம். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய விதி. ஆனாலும் எங்கே நகர்வது என்று புதியவரையும் யோசிக்க வைக்கிறது. அதே பதிப்பு எல்லா ஃபைட்டருக்கும் ஆயுதத் தேர்ச்சியும் தந்தது: ஓர் ஆயுதம் எதிரியைத் தள்ளும், ஒன்று வீழ்த்தும், ஒன்று வேகத்தைக் குறைக்கும். எளிமையும் தேர்வும் ஒன்றாக இருக்க முடியும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. எண்ணைச் சரிபார்க்கலாம், முடிவின் சுவையை எப்படி அளப்பது, அது ஆளுக்கு ஆள் மாறாதா? மாறும். ஆனால் முடிவுகளையும் எண்ணலாம். ஃபைட்டர் சப்கிளாஸின் திறன்கள் 3, 7, 10, 15, 18 ஆகிய லெவல்களில் வருகின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து, ஆட்டக்காரர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறதா, ஓர் ஓய்வுக்கு எத்தனை முறை, தேர்ந்தால் எதை இழக்கிறார் என்று குறித்துக்கொண்டே போகலாம். ஆர்க்கேன் ஆர்ச்சரின் குறை அப்படி எண்ணியபோதுதான் தெரிந்தது. டேமேஜ் கணக்கும் இங்கே வேலியாக நிற்கட்டும். ஒரு வழி மற்றதைவிட மிகப் பலமாக இருந்தால் தேர்வு பெயருக்குத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எண் வேண்டும். வேலி வயலைக் காக்கும், விளைச்சலைச் சொல்லாது.

மூன்றாவது, தலைமை வீரன் மேசையில் மற்றவர்களை அதட்டும் ஆளாகிவிடுவான் என்ற அச்சம். 2008-இல் வந்த நான்காம் பதிப்பின் வார்லார்டு, சொல்லாலேயே தோழர்களைத் தேற்றியும் அடிக்க வைத்தும் ஆடியபோதும் இந்தப் பேச்சு இருந்தது. விடை விதி எழுதும் முறையில் இருக்கிறது. பேட்டில் மாஸ்டரின் கட்டளை அடியைப் பாருங்கள்: தன் அடியைத் தியாகம் செய்து தோழனுக்கு வாய்ப்புத் தருகிறான்; அதை ஏற்பதும் விடுவதும் தோழன் விருப்பம். கொடுப்பவன் இழக்கிறான், பெறுபவன் தேர்கிறான். இந்த இரண்டும் இருக்கும்வரை அதட்டலுக்கு இடமில்லை.

நான்காவது, அமெரிக்க விளையாட்டுக்குத் தமிழ் அளவுகோல் எதற்கு, போரைக் கொண்டாடும் பழம்பெருமை எதற்கு என்ற கேள்வி. போரைப் பாடிய அதே இலக்கண மரபில், தொல்காப்பியம் காஞ்சித் திணையை நிலையாமையைச் சொல்லவே வைத்திருக்கிறது. நடுகற்களில் பெரும்பாலானவை நாடு பிடித்தவனுக்கு எழுப்பியவை அல்ல. ஊர் மாட்டை மீட்கப் போய் மாண்டவனுக்கு எழுப்பியவை. இந்தப் பார்வை கற்பனைப் போருக்கும் அறம் சேர்க்கிறது. உரிமைப் பக்கமும் இப்போது தடை இல்லை. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் அதன் மேல் புதிதாக எழுதி விற்கலாம். அந்தத் தொகுப்பில் உள்ள ஒரே ஃபைட்டர் சப்கிளாஸ் சாம்பியன். மற்ற இடமெல்லாம் காலியாகத்தான் கிடக்கிறது.

அந்தக் காலி இடத்தில் தமிழில் முதலில் எழுதப்பட வேண்டியது கரந்தை வீரன். எதிரி ஒரு தோழனையோ ஒரு பொருளையோ பற்றி இழுத்துச் செல்லும்போது, தன் முறை வராவிட்டாலும் அவன் பாய்ந்து நெருங்கலாம். நெருங்கியதும் ஒன்றைத்தான் செய்யலாம்: கவர்ந்தவனை அடிக்கலாம், அல்லது கவரப்பட்டதை விடுவித்துத் தன் பின்னால் நிறுத்தலாம். சண்டை இல்லாத நேரத்தில் தடம் பார்த்துப் பின்தொடர்வது அவன் வேலை. மேல் லெவல்களில், தான் மீட்டவர்கள் தப்பிப் போகும்வரை விழாமல் தாங்குவது அவன் வலிமை. டேமேஜ் பட்டியலில் இந்த வீரன் நடுவில்தான் நிற்பான். ஆனால் பிணைக்கைதி, களவு, துரத்தல் என்று வரும் ஒவ்வொரு கதையிலும் மேசை முழுதும் அவன் பக்கம் திரும்பும்.

ஆகவே அடுத்த விதிநூல் வரும்போது டேமேஜ் கணக்கைப் போடுங்கள். ஆனால் இரண்டாவதாகப் போடுங்கள். முதலில், இந்த வீரன் இல்லாவிட்டால் நம் குழு எந்தக் களத்தில் தோற்றுப்போகும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாத சப்கிளாஸ் எவ்வளவு பலமாக அடித்தாலும், விதிநூலில் அது பிடித்திருக்கும் பக்கம் வேறொரு வீரனுக்குச் சேர வேண்டியது.